8 மணி நேர வேறுபாடு உண்மையா? சாய்ந்த தரவுகளின் சராசரிகளை சிமுலேஷன் மூலம் ஒப்பிடுதல்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர்த் தொலைபேசிச் சேவையில் போட்டிக்கு வழிதிறந்தது. ஆனால் கம்பிகளும் இணைப்பகங்களும் பழைய நிறுவனங்களின் கையிலேயே இருந்தன. புதிதாகச் சந்தைக்கு வந்தவர்கள் அவற்றை வாடகைக்குப் பெற்றே தங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கினர். இணைப்பு பழுதானால் சரிசெய்ய வேண்டியவர்களும் பழைய நிறுவனத்தின் ஊழியர்கள்தாம். தன் வாடிக்கையாளரின் பழுதை உடனே நீக்கிவிட்டுப் போட்டியாளரின் வாடிக்கையாளரைக் காக்கவைத்தால் சட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும் என்பதால், நியூயார்க் மாநிலத்தில் பொதுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம், அங்கே பழைய நிறுவனமாக இருந்த வெரைசானின் பழுதுநீக்க நேரங்களை இரு தரப்புக்கும் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டுமென விதித்தது. பல வகைச் சேவைகளுக்கும் தனித்தனியாக நடந்த அந்தச் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் 1 விழுக்காடு என்ற கண்டிப்பான வரம்பு வைக்கப்பட்டிருந்தது: தற்செயலாக மட்டும் அவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு அதற்குக் கீழே இருந்தால் நிறுவனம் தவறியதாகக் கொள்ளப்படும்.

அந்த ஒப்பீடுகளில் ஒன்றின் தரவு, புள்ளியியல் வகுப்புகளில் இன்று பரவலாகப் பயன்படுகிறது. வெரைசானின் சொந்த வாடிக்கையாளர்கள் 1,664 பேர். அவர்களுடைய பழுதுநீக்க நேரத்தின் சராசரி 8.4 மணி, திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 14.7 மணி. போட்டி நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் 23 பேர் மட்டுமே; அவர்களுடைய சராசரி 16.5 மணி, திட்டவிலக்கம் 19.5 மணி. வேறுபாடு 8.1 மணி, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. இது பாரபட்சத்தின் அடையாளமா, அல்லது 23 பேர் என்ற சிறு எண்ணிக்கையில் தற்செயலாகவே வரக்கூடியதா என்பதுதான் கேள்வி.

விடை தேடும் முன் அந்த 23 எண்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டு பேருக்குப் பதிவான நேரம் சுழியம், ஒருவருக்கு 0.07 மணி, பலருக்கு 5 முதல் 25 மணிக்குள். ஒரே ஒருவருக்கு 96.32 மணி, அதாவது நான்கு நாள். அந்த ஒருவரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சராசரி 16.5இலிருந்து 12.9ஆக இறங்கிவிடுகிறது. இடைநிலை மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 14.33 மணி. பெரிய குழுவிலோ சாய்வு இன்னும் கடுமையானது: பாதிப் பேருக்கு 3.6 மணிக்குள் வேலை முடிந்திருக்கிறது, ஆனால் மிக நீண்ட பழுது 191.6 மணி எடுத்திருக்கிறது. இடைநிலை 3.6, சராசரி 8.4 என்ற இந்த இடைவெளியே தரவின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. இடப்பக்கம் சுழியம் என்ற சுவர். வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும் வால். காத்திருப்பு நேரம், வருமானம், மருத்துவச் செலவு, காப்பீட்டுக் கோரிக்கைத் தொகை, மழையளவு என்று அன்றாடம் அளக்கும் பலவற்றுக்கும் இதே வடிவம்தான் இருக்கிறது. பாடநூல்கள் இதை நேர்க்கோட்டம் என்கின்றன; சாய்வை அளக்கும் எண்ணுக்குக் கோட்டம் என்று பெயர்.

ஆணையம் வகுத்திருந்த வழி, சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப்பிழையால் (தற்செயலால் அந்த வேறுபாடு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவால்) வகுத்துப் பார்க்கும் டி-சோதனையின் ஒரு மாற்று வடிவம். அதில் திட்டப்பிழையைப் பெரிய குழுவின் திட்டவிலக்கத்தைக் கொண்டு மட்டும் கணக்கிடுவார்கள். சிறிய குழுவின் சிதறலைக் கணக்கில் எடுப்பதில்லை. மேலே உள்ள எண்களைப் போட்டால் திட்டப்பிழை சுமார் 3.09 மணி வருகிறது, 8.1ஐ அதனால் வகுத்தால் 2.62. மணி வடிவம் கொண்ட இயல்நிலைப் பரவலின் அட்டவணைப்படி இதற்குரிய ஒருபக்க நிகழ்தகவு, அதாவது தற்செயலாகவே இதே திசையில் இவ்வளவோ இதைவிடப் பெரிய வேறுபாடோ வரும் வாய்ப்பு, 0.0044. வரம்பு 0.01. எனவே சூத்திரத்தின் தீர்ப்பு ஐயத்துக்கிடமில்லாதது: இந்த ஒப்பீட்டில் நிறுவனம் தவறிவிட்டது.

ஆனால் அந்த 0.0044 எங்கிருந்து வந்தது? தற்செயல் மட்டுமே செயல்பட்டால் சராசரிகளின் வேறுபாடு மணி வடிவப் பரவலில் அமையும் என்ற அனுமானத்திலிருந்து. தரவு எப்படிச் சாய்ந்திருந்தாலும் மாதிரி பெரிதாகப் பெரிதாக அதன் சராசரியின் பரவல் மணி வடிவத்தை நெருங்கும் என்று மைய எல்லைத் தேற்றம் உறுதியளிக்கிறது. எவ்வளவு பெரிதானால் போதும் என்பதை அது சொல்வதில்லை. 30 போதும் என்ற வழக்கமான அறிவுரை வகுப்பறைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. சாய்ந்த தரவுக்கு அதை அப்படியே ஏற்பது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. மாதிரிச் சராசரியின் கோட்டம், மூலத் தரவின் கோட்டத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்கே குறைகிறது. மடக்கை எடுத்தால் இயல்நிலையாகவும் அந்த மடக்கையின் திட்டவிலக்கம் 1 ஆகவும் அமையும் பரவலை எடுத்துக்கொள்வோம். வருமானத் தரவில் இதற்கு நெருக்கமானவற்றைக் காணலாம். அதன் கோட்டம் 6.18. 30 பேரின் சராசரியை எடுத்த பிறகும் 1.13 எஞ்சியிருக்கும், அது மணி வடிவத்துக்கு அருகில்கூட இல்லை. கோட்டம் 0.2 என்ற அளவுக்கு இறங்க வேண்டுமானால் ஏறத்தாழ 950 பேர் தேவை.

இரு குழுக்களை ஒப்பிடும்போது இன்னொரு நுணுக்கம் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் ஒரே அளவில், ஒரே வடிவில் இருந்தால், ஒரு சராசரியிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரு கோட்டங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. அப்போது சாய்ந்த தரவிலும் டி-சோதனை எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். 1,664-க்கு எதிராக 23 என்ற நிலையில் அந்த நீக்கம் நிகழ்வதே இல்லை. சிறிய குழுவின் கோட்டம் முழுவதும் வேறுபாட்டின் மீது இறங்குகிறது.

சூத்திரத்தை நம்பாமல் தற்செயலை நேரடியாக நிகழ்த்திப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் கணினிக்கு முந்தையது. டி-சோதனையின் பிறப்பிலேயே அது இருக்கிறது. டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையில், தான் கணிதத்தால் கண்டடைந்த பரவல் சரிதானா என்று சோதிக்க, 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் குறித்த அளவீடுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். இன்று ஒரு நொடிக்குள் முடிகிற இந்த வேலைக்கு அன்று எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்! ஆனால் அவர் கலைத்த அளவீடுகள் மனித உடலின் அளவீடுகள்; இயல்நிலைப் பரவலுக்கு நெருக்கமானவை. பழுதுநீக்க நேரங்களைப் போன்ற வால் நீண்ட தரவுக்கு அந்த உறுதிப்பாடு தானாகப் பொருந்திவிடாது.

பிறகு 1935இல் ஆர். ஏ. ஃபிஷர், டார்வின் வளர்த்த 15 இணை மக்காச்சோளச் செடிகளின் உயர வேறுபாடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேறுபாட்டின் குறியும் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்திருக்கலாம் என்று கொண்டு, கிடைக்கும் 32,768 அமைப்புகளில் எத்தனையில் உண்மையில் கண்ட அளவு வேறுபாடு வருகிறது என்று எண்ணிக் காட்டினார். அதே பத்தாண்டில் ஈ. ஜே. ஜி. பிட்மன் இந்த வழியைப் பொதுமைப்படுத்தினார். வரிசைமாற்றச் சோதனை என்று நாம் அழைப்பது இதுதான்.

அதன் தர்க்கத்தைக் கையால் செய்யக்கூடிய சிறு எடுத்துக்காட்டில் முழுமையாகப் பார்த்துவிடலாம். முதல் குழுவில் நால்வரின் காத்திருப்பு 1, 2, 3, 4 மணி என்றும், இரண்டாம் குழுவில் மூவரின் காத்திருப்பு 2, 5, 30 மணி என்றும் கொள்வோம். சராசரிகள் 2.5, 12.3, வேறுபாடு ஏறத்தாழ 9.8 மணி. குழுவுக்கும் காத்திருப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், இந்த ஏழு எண்களில் எந்த மூன்று வேண்டுமானாலும் இரண்டாம் குழுவுக்குப் போயிருக்கலாம். மொத்தம் 35 வழிகள். கண்ட வேறுபாடோ அதைவிடப் பெரியதோ வர வேண்டுமானால் அந்த மூன்றின் கூட்டுத்தொகை குறைந்தது 37 ஆக இருக்க வேண்டும். 30 கட்டாயம் வேண்டும். உடன் வரும் இரண்டின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஐந்து வழிகளே உள்ளன. ஐந்தை 35ஆல் வகுத்தால் 0.14. அதாவது, 9.8 மணி என்ற மிரட்டும் வேறுபாடு, தற்செயல் மட்டுமே இருந்தாலும் ஏழில் ஒரு முறை வந்துவிடும். இங்கே மணி வடிவமும் இல்லை, அட்டவணையும் இல்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி, 30 என்ற ஒற்றை எண் எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் அடங்கியிருக்கிறது என்பது மட்டும் வெளிப்படையாகத் தெரிகிறது.

வெரைசான் தரவுக்கும் இதே செயல்முறைதான். 1,687 நேரங்களையும் ஒன்றாகக் கலந்து, சமவாய்ப்பு முறையில் 23ஐ எடுத்துச் சிறிய குழு என்று பெயரிட்டு, சராசரிகளின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாத்தியமான தேர்வுகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 50-க்கும் மேற்பட்ட சுழியங்களைக் கொண்டது என்பதால் எல்லாவற்றையும் எண்ண எந்தக் கணினியாலும் முடியாது. பல்லாயிரம் முறை கலைத்து, கிடைக்கும் விகிதத்தை மதிப்பீடாகக் கொள்கிறோம். சிமுலேஷன் என்ற சொல் இங்கே குறிப்பது இந்த மறுகலைத்தலைத்தான். அப்படிச் செய்தால் கிடைக்கும் ஒருபக்க நிகழ்தகவு ஏறத்தாழ 0.018. சூத்திரம் சொன்ன 0.0044ஐப் போல நான்கு மடங்கு; 0.01 என்ற வரம்பின் மறுபக்கம். ஒரே தரவு, ஒரே கேள்வி, ஆனால் தீர்ப்பு மாறிவிட்டது.

ஏன் மாறியது என்பதற்கு ஒரு எண்ணே போதுமான விளக்கம் தருகிறது. பெரிய குழுவில் இருந்த 191.6 மணி நேரப் பழுது, கலைக்கும்போது 23 பேர் குழுவில் வந்து விழுகிறது என்று கொள்வோம். மற்ற 22 பேரும் வழக்கமான சராசரியில் இருந்தாலே குழுவின் சராசரி சுமார் 16.4ஐத் தொட்டுவிடும். போட்டி நிறுவன வாடிக்கையாளர்களின் உண்மையான சராசரி 16.5. அந்த ஒரு பழுது சிறிய குழுவில் விழும் வாய்ப்பு 1,687இல் 23, அதாவது 1.36 விழுக்காடு. 1 விழுக்காட்டு வரம்பில் தீர்ப்பளிக்கும்போது, ஒற்றைப் பதிவின் இடம்பெயர்வே அந்த வரம்பைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறியது இந்தக் குழு. மணி வடிவ அனுமானம் இந்த வாலைப் பார்க்கவே இல்லை, கலைத்தல் பார்க்கிறது.

எத்தனை முறை கலைக்க வேண்டும் என்பதும் அலட்சியப்படுத்தக் கூடாத விஷயம். பலர் 999 முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மை மதிப்பு 0.018 என்றால், 999 கலைத்தல்களில் அந்த மதிப்பீட்டின் திட்டப்பிழை 0.004 அளவில் இருக்கும். தற்செயலாக ஒரு நாள் 0.010உம் மறுநாள் 0.026உம் வந்தால் வியப்பில்லை. 5,00,000 முறை கலைத்தால் திட்டப்பிழை 0.0002ஆகச் சுருங்கும். ஒரு நிறுவனத்துக்கு அபராதம் விதிப்பதா இல்லையா என்பது வரம்புக்கு அருகே உள்ள எண்ணைச் சார்ந்திருக்கும்போது, கணினி நேரத்தில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல. கண்ட தரவையும் ஒரு கலைத்தலாக எண்ணி, தொகுதியிலும் பகுதியிலும் ஒன்றைக் கூட்டிக்கொள்வதும் நல்ல வழக்கம். அப்போது நிகழ்தகவு சுழியம் என்ற பொருளற்ற விடை ஒருபோதும் வராது.

இவ்வளவு சொன்ன பிறகு, வரிசைமாற்றச் சோதனை எதைச் சோதிக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரு குழுக்களின் சராசரிகள் சமம் என்பதை மட்டும் அது அனுமானிப்பதில்லை. இரு குழுக்களின் பரவலும் முழுமையாக ஒன்றே என்று அனுமானிக்கிறது. அப்போதுதான் யாரை எந்தக் குழுவில் வைத்தாலும் ஒன்றே என்று கலைக்க முடியும். சராசரி சமமாக இருந்து சிதறல் மட்டும் வேறுபட்டால், அதுவும் குழுக்களின் அளவு இந்த அளவுக்குச் சமமற்றிருந்தால், சோதனை தவறான விகிதத்தில் எச்சரிக்கை எழுப்பக்கூடும். இதற்கு நல்ல மருந்து உண்டு: வெறும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு கலைத்தலிலும் வேறுபாட்டை அதற்குரிய திட்டப்பிழையால் வகுத்த டி-அளவைக் குறித்துக்கொள்வது. வெரைசான் வழக்கில் பாரபட்சமே இல்லை என்பதுதான் சோதிக்கப்படும் கருதுகோள் என்பதால், பரவல்கள் முழுமையாக ஒன்றே என்ற அனுமானம் கேள்விக்கு இயல்பாகவே பொருந்துகிறது. எல்லாத் தரவுக்கும் அந்த வசதி கிடைக்காது. ஒப்பீட்டுக்காகச் சொன்னால், இரு குழுக்களின் சிதறலையும் தனித்தனியே கணக்கில் எடுக்கும் வெல்ச்சின் டி-சோதனை இதே தரவுக்குச் சுமார் 0.03 என்ற ஒருபக்க மதிப்பைத் தருகிறது. 0.0044, 0.018, 0.03 என்று மூன்று விடைகள். அனுமானங்கள் வேறு, விடைகளும் வேறு.

வேறுபாடு உண்டா இல்லையா என்பதைவிட, எவ்வளவு என்பதே பல வேளைகளில் பயனுள்ள கேள்வி. அதற்கு பூட்ஸ்ட்ராப் முறையை 1979இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்தார். இங்கே குழுக்களைக் கலப்பதில்லை. ஒவ்வொரு குழுவிலிருந்தும் அதே அளவு மதிப்புகளை, எடுத்ததைத் திரும்ப வைத்து, சமவாய்ப்பில் எடுத்து, சராசரிகளின் வேறுபாட்டைப் பல்லாயிரம் முறை கணக்கிடுகிறோம். நடுவில் உள்ள 95 விழுக்காடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதை நம்பிக்கை இடைவெளியாகக் கொள்கிறோம். சூத்திரம் தரும் இடைவெளி மதிப்பீட்டின் இருபுறமும் ஒரே நீளத்தில் நிற்கும். பூட்ஸ்ட்ராப் தருவதோ தரவின் சாய்வைப் பின்பற்றி வலப்பக்கம் கூடுதலாக நீளும்.

ஆனால் பூட்ஸ்ட்ராப் சிறு மாதிரியின் குறையைப் போக்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. 23 மதிப்புகளிலிருந்து திரும்ப வைத்து 23 முறை எடுத்தால், அந்த 96.32 ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடு. மற்ற வேளைகளில் அது ஒரு முறையோ, இரண்டு மூன்று முறையோ வரும். வரையப்படும் பரவலின் வடிவம் பெருமளவுக்கு அந்த ஒரு வாடிக்கையாளரைச் சுற்றியே அமைகிறது. மாதிரியில் சிக்காத, 150 மணி நேரம் காத்திருந்த இன்னொருவர் முழுமைத்தொகுதியில் இருந்தால் அவரைப் பற்றி பூட்ஸ்ட்ராப்புக்கு எதுவும் தெரியாது. இதனால்தான் சாய்ந்த சிறு மாதிரிகளில், மேலே சொன்னபடி நடுவில் உள்ள 95 விழுக்காட்டை எடுக்கும் எளிய சதமான இடைவெளி தேவையைவிடக் குறுகலாக அமைகிறது. 95 விழுக்காடு என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் உண்மையில் அதைவிடக் குறைந்த விழுக்காட்டில்தான் சரியான மதிப்பை உள்ளடக்குகிறது. ஒவ்வொரு மறுமாதிரியிலும் திட்டப்பிழையையும் கணக்கிட்டு டி-அளவை உருவாக்கும் பூட்ஸ்ட்ராப்-டி முறை இந்தக் குறையைக் கணிசமாகக் குறைக்கும். சாய்ந்த தரவுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை ஒப்பிட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இடைநிலைகளின் வேறுபாடு, 3.6 மணிக்கு எதிராக 14.3 மணி, உண்மையில் சராசரிகளின் வேறுபாட்டைவிடக் கடுமையான சித்திரத்தைத் தருகிறது. நடுவில் இருக்கும் வாடிக்கையாளரின் அனுபவம் எப்படி மாறுகிறது என்பதை அறிய அதுவே சரியான அளவு. ஆனால் நான்கு நாள் தொலைபேசி இல்லாமல் இருந்தவர் இடைநிலைக்குக் கண்ணில் படமாட்டார். அவருடைய 96 மணி 26 மணியாக இருந்திருந்தாலும் இடைநிலை அணுவளவும் அசையாது. மொத்த இழப்பு, மொத்தச் செலவு, மொத்த உழைப்பு நேரம் ஆகியவை கேள்வியாக இருக்கும் இடத்தில் சராசரியைத் தவிர வேறு அளவு உதவாது, ஏனென்றால் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைப்பது சராசரிக்கு மட்டுமே. மடக்கை எடுத்து ஒப்பிடுவதும் வழக்கமான தப்பிக்கும் வழி. அது பெருக்குச் சராசரிகளை ஒப்பிடுகிறதே தவிர நாம் கேட்ட சராசரிகளை அல்ல, தவிரவும் சுழியங்கள் உள்ள இந்தத் தரவில் மடக்கையே எடுக்க முடியாது. நீண்ட மதிப்புகளைப் பிழை என்று நீக்கிவிடுவதோ மிக மோசமான வழி. பதிவு தவறு என்று நிரூபணமாகாதவரை அந்த மதிப்புகள்தாம் விசாரணையின் மையப் பொருள்.

சிமுலேஷனின் மிகப் பெரிய பயன் தரவு கையில் வருவதற்கு முன்பே இருக்கிறது என்று கருதுகிறேன். எதிர்பார்க்கும் தரவைப் போன்ற சாய்ந்த பரவல் ஒன்றை நாமே தேர்ந்துகொண்டு, இரு குழுக்களுக்கும் ஒரே சராசரியை வைத்து, திட்டமிட்ட அளவுகளில் பத்தாயிரம் முறை செயற்கைத் தரவை உருவாக்கி, ஒவ்வொன்றின் மீதும் பயன்படுத்தப்போகும் சோதனையை நடத்தினால், அது எத்தனை முறை தவறாக வேறுபாடு உண்டு என்று சொல்கிறது என்பதை நேரடியாக எண்ணிவிடலாம். 1 விழுக்காடு என்று வாக்களிக்கும் சோதனை உண்மையில் 3 விழுக்காடு தவறுகிறது என்று தெரிந்தால், அதை ஒழுங்குமுறை விதியில் எழுதும் முன்பே மாற்றிக்கொள்ளலாம். பிறகு சராசரிகளை வேண்டுமென்றே வேறுபடுத்தி அதே பயிற்சியைத் திரும்பச் செய்தால், உண்மையான பாரபட்சத்தைப் பிடிக்க 23 பேர் போதுமா, 100 பேர் வேண்டுமா என்பதும் தெரியவரும். சில வரி நிரலில் முடிகிற இந்த ஒத்திகையில் பரவலின் வடிவத்தை நாமே தேர்ந்தெடுப்பதால், ஒரே வடிவத்தோடு நிறுத்தாமல் வாலின் நீளத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பது அவசியம். வால் சற்றே நீண்டவுடன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் சோதனையை வரம்புக்கு அருகே நிற்கும் வழக்குகளில் பயன்படுத்தக் கூடாது.